பற்றை யாருடையது?

பளையிலிருந்து முகமாலைப் பக்கமாகக் கண்டி வீதியிற் செல்பவர் இருமருங்கும் தென்னந்தோட்டங்களைக் காண்பார். சில தோட்டங்களில் மரத்தின் அடி துப்புரவாக இருக்கிறது, புல் செருக்கப்பட்டிருக்கிறது, பாளையும் மட்டையும் பொறுக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. வேறு சிலவற்றில் தலையிழந்த தென்னைகள் நிற்கின்றன; அவற்றின் கீழே ஆளுயரப் பற்றை. இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு வேலி மட்டுமே. துப்புரவான காணியில் வாழ்பவர், அயற்காணியிலிருந்து பாம்பு வருகிறது, நுளம்பு வருகிறது, பார்த்தீனியத்தின் விதை காற்றில் வருகிறது என்று முறையிடுகிறார். முறைப்பாடு உள்ளூராட்சிச் சபைக்குப் போகிறது. சபை சட்டத்தைப் புரட்டுகிறது. சட்டமோ காணிச் சொந்தக்காரனைத் தேடுகிறது. சொந்தக்காரன் எங்கே?

பற்றை வெட்டும் விடயத்தில் ஆராய என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். காணி வைத்திருப்பவன் துப்புரவாக வைத்திருக்க வேண்டும். வைத்திருக்காவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் எது களை, அதை வெட்டுவது யார் கடமை, வெட்டாவிட்டால் இழக்கப்படுவது என்ன என்னும் மூன்று கேள்விகளுக்கும் காலந்தோறும் வேறுவேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. அந்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வன்னி மண்ணில் நிலவுரிமையின் சரித்திரமே அதில் அடங்கியிருப்பது தெரியவரும்.

குழையும் வாய்க்காலும்

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணப் பட்டினம் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்னும் பிரிவுகளை உடையதாயிருந்தது. பளை அமைந்திருப்பது இந்தப் பச்சிலைப்பள்ளியில். பெயரிலேயே பச்சிலையைத் தாங்கிய இப்பகுதியில், இலை தழை என்பது குப்பையாகக் கருதப்படவில்லை. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டு வேலி அடைத்தார்கள். தழைத்த குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். எஞ்சியதை ஆட்டுக்குப் போட்டார்கள். காய்ந்த கொப்பு அடுப்புக்குப் போயிற்று. இன்று அறிவித்தல்களில் 'தேவையற்ற தாவரம்' எனப்படுவதிற் பெரும்பகுதி அன்று பசளையும் தீனியும் விறகுமாகும். வெட்டும் வேலையும் வெட்டியதால் வரும் பயனும் ஒன்றோடொன்று கட்டுண்டிருந்தமையால், வெட்டு என்று கட்டளையிட ஓர் அதிகாரி தேவைப்படவில்லை.

வன்னியின் வயல் நிலத்திலும் முறை இதுவேயாம். குளத்திலிருந்து நீர் பெறும் ஒவ்வொருவரும் தத்தம் வயலின் அளவுக்கேற்ப வாய்க்காலில் ஒரு பங்கைத் துப்புரவு செய்தல் வேண்டும். விதைப்புக்கு முன்னர் கூட்டம் கூடி நாள் குறிப்பார்கள்; வட்டவிதானையார் மேற்பார்வை செய்வார். "களை பிடுங்காப் பயிர் காற்பயிர்" என்னும் பழமொழி ஒருவனுடைய வயலைப் பற்றியது. வாய்க்காற் களையோ ஊர் முழுவதையும் பற்றியது. எனவே அதற்கு ஊர் முழுவதும் பொறுப்பாயிற்று. 1856 இல் ஆங்கிலேய அரசாங்கம் 9 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தபோது, நெல்வயல், நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழமைகளை மீண்டும் உயிர்ப்பித்து நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம் எனக் கூறியது. அந்நிய ஆட்சியே இந்த வழமையின் பயனை ஒப்புக்கொண்டதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆனால் பழமையைப் பொன்னாக்கிக் காட்டுவது நமது வேலையன்று. வேலியை அடைத்த கைகள் யாருடையவை? 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, தோட்டம், மரம், ஈடு, சீதனம் ஆகியவற்றுக்கு விதி கூறியதோடு நிற்கவில்லை. கோவியரையும் நளவரையும் பள்ளரையும் அடிமைகளாக வகைப்படுத்தி அவர்கள் எசமானுக்குச் செய்யவேண்டிய பணிகளையும் வகுத்தது. 1844 இற்றான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. சட்டப்படி ஒழிந்தது என்றோமேயன்றி வேலியிலிருந்தும் வளவிலிருந்தும் ஒழிந்தது என்றோமில்லை. காணிக்காரனின் துப்புரவு காணியில்லாதவனின் முதுகில் நின்றது என்பதை மறந்துவிட்டு அக்கால ஊரொழுங்கைப் புகழ்வது சரித்திரமாகாது.

இரண்டு கட்டளைச்சட்டங்கள்

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேயர் இயற்றிய இரண்டு கட்டளைச்சட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச்சட்டம். காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை எனக் கருதப்படும் என்று அது கூறியது. சில ஆண்டுகள் பயிரிட்டுச் சில ஆண்டுகள் ஆறவிடும் சேனை நிலங்களையும் அது விட்டுவைக்கவில்லை. கண்டிப் பிரதேசத்துக்கு வெளியே அவையும் காடாகவும் தரிசாகவுமே கணிக்கப்பட்டன. மண் வளம் மீளும்பொருட்டு நிலத்தை ஆறவிடுவது குடியானவனின் விவசாய அறிவு. சட்டத்தின் கண்ணிலோ அது உரிமையின்மைக்குச் சான்று. 1897 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச்சட்டம், உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் முன்வராவிட்டால் நிலம் முடிக்குரியதாகும் என்னும் நடைமுறையை வகுத்து இந்த ஏற்பாட்டை மேலும் இறுக்கிற்று. முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் முடியிடமே நிற்கவில்லை. இலங்கையெங்கும் தோட்ட முதலாளிகளின் கைக்குப் போயிற்று. மலைநாட்டிற் கோப்பி எழுந்த அதே 1840 களில், யாழ்ப்பாணக் குடாநாட்டில், சிறப்பாகப் பச்சிலைப்பள்ளியில், ஐரோப்பியர் தென்னந்தோட்டங்களைத் திறந்தனர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

இரண்டாவது, 1862 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச்சட்டம். வீதிக்கு அண்மையிலுள்ள வீட்டையோ நிலத்தையோ அழுக்காகவும், பிறர் சுகத்துக்குக் கேடாகும்படி செடிகொடி மண்டியும் கிடக்கவிடும் சொந்தக்காரன் அல்லது குடியிருப்பாளன் குற்றவாளி என்றது அது. அந்த வீடு குடியிருக்கத்தக்கதா அல்லவா என்பதும் அதற்குப் பொருட்டன்று. பிற்காலத்து உள்ளூராட்சிச் சட்டங்கள் எல்லாம் இந்த வேரிலிருந்தே கிளைத்தன எனலாம். 1939 ஆம் ஆண்டின் நகரசபைகள் கட்டளைச்சட்டமும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் வேலி, மரக்கிளை, துப்புரவு ஆகியவற்றில் சபைகளுக்கு அதிகாரம் அளித்தன. 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டம், மேலிடத்தில் தயாரித்த மாதிரித் துணைவிதிகளைச் சபைகள் தீர்மானத்தின் மூலம் ஏற்றுக்கொள்ளலாம் என வழி செய்தது. ஊருக்கான விதி ஊரில் எழுதப்படவேண்டும் என்ற கட்டாயமும் அத்துடன் நீங்கிற்று.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். உன் நிலத்திற் பற்றை இருக்கிறது, ஆகவே நீ குற்றவாளி என்கிறது ஒன்று. நிலத்திற் பற்றை இருக்கிறது, ஆகவே அது உன் நிலமே அன்று என்கிறது மற்றொன்று. தண்டம் கட்டும்போது அவன் சொந்தக்காரன். உரிமை கோரும்போது அவன் அந்நியன். ஒரே பற்றையை இரு முனையிலும் கூராக்கிய இந்த ஆயுதம் காலனி ஆட்சியோடு மறைந்துவிடவில்லை. 'முடி' என்ற சொல் 'அரசு' என மாறியதேயன்றி 1840 ஆம் ஆண்டின் அநுமானம் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

கடல் கடந்து வந்த களைகள்

இங்கே மற்றோர் உண்மையையும் நோக்க வேண்டும். பெருந்தொல்லை தந்த களைகளிற் பல இந்த மண்ணில் முளைத்தவையல்ல. அவற்றைக் கொணர்ந்தவர் வேறு. அவற்றைப் பிடுங்கியவர் வேறு.

1795 இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. செஞ்சாயம் தரும் உயர்ந்த இனப் பூச்சி என்று தவறாக எண்ணி அதைக் கிழக்கிந்தியக் கும்பெனியார் வளர்க்க முயன்றனர். சென்னையிலும் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் போன்றோர் இந்தச் சாய வியாபாரத்தை நம்பிக் கள்ளித் தோட்டமே அமைத்தனர். சாயம் தேறவில்லை. ஆனால் அப்பூச்சி சப்பாத்திக்கள்ளியின் ஓர் இனத்தைத் தின்று அழிப்பது தெரியவந்தது. 1836 அளவில் அது தென்னிந்தியாவுக்கும், 1865 க்குச் சற்று முன்னர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து இலங்கையின் வடபகுதிக்கும் கொண்டுவரப்பட்டது. களையை அழிக்கவென்றே ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு ஓர் உயிரியைக் கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சியாக அறிவியலாளர் இதையே குறிப்பிடுகின்றனர். பின்னர் மற்றொரு கள்ளியினத்துக்கு எதிராக 1924 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், 1926 இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கும் வேறொரு பூச்சி சென்றது. பாக்குநீரிணையின் இரு கரையும் ஒன்றுக்கொன்று கடன்பட்டிருக்கின்றன.

ஆகாயத்தாமரை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இலங்கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள், 1909 இல், அதற்கெனவே 4 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஒன்று தேவைப்பட்டது. சல்வீனியா என்னும் நீர்க்களை 1939 இல் பல்கலைக்கழகப் பாடத்துக்கென வருவிக்கப்பட்டது. 1950 களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 22,000 ஏக்கர் வயலில் அது பரந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. பணக்காரரின் குளத்து அழகுக்கும் கல்விக்கூடத்தின் கண்ணாடித் தொட்டிக்கும் வந்த செடிகளைக் கழுத்தளவு நீரில் நின்று இழுத்துப் போட்டவன் உழவன். அவனுக்குக் கூலி கொடுத்தவர் யார்? 1924 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், அதனிடத்துக்கு வந்த 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நிலத்தில் இருப்பவன்மீதே கடமையைச் சுமத்தின. இறுதியில் சல்வீனியாவின் வலிமையை ஒடுக்கியது தண்டமன்று. 1986 இல் அறிவியலாளர் கொண்டுவந்து விட்ட ஒரு சிறு வண்டே பெரும்பகுதி வேலையைச் செய்தது. பொதுத் தீங்கைப் பொது முயற்சியாலும் பொதுப் பணத்தாலும் தீர்க்கலாம் என்பதற்கு இஃதொரு பாடம்.

இன்று வடக்கில் யாவரும் அறிந்த களை பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இச்செடி 1955 இல் இந்தியாவிற் புனேயில் கவனிக்கப்பட்டது. இலங்கையில் 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. 1987 க்குப் பின்னர் இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடும் தீவனத்தோடும் அது வந்தது என்பதே பரவலான கருத்து. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைச் சொரியும். தோலில் அழற்சியையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும். பயிரின் விளைவைக் குறைக்கும். கால்நடையும் அதைத் தின்றால் நலம் கெடும். அது படைகள் சென்ற வழியாக வந்ததாயின், அதற்குப் பளையிலுள்ள ஒரு கைம்பெண் தன் கால் ஏக்கர் காணியில் எவ்வாறு பொறுப்பாளியானாள்?

வர முடியாதவனின் காணி

கிளிநொச்சி 1984 இல் தனி மாவட்டமாயிற்று. யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்த பளையும் அதனோடு சேர்ந்தது. அதன் பின்னர் வந்த காலத்தை வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபின், முகமாலை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் போர்முனையாக நின்றது. இருதரப்பாரும் புதைத்த மிதிவெடிகள் அங்கே நெருக்கமாகக் கிடந்தன. போர் 2009 இல் முடிந்தது. புகைவண்டி 2014 மார்ச்சிற் பளையை வந்தடைந்தது. ஆனால் முகமாலைப் பக்கத்துக் காணிகளிற் பலவற்றுக்குச் சொந்தக்காரர் கால்வைக்க இயலாதிருந்தனர். மிதிவெடி அகற்றுவோர் முதலிற் செய்வது பற்றையை வெட்டுவதே. ஒரு கீலம் வெட்டுவார்கள்; சோதிப்பார்கள்; பின்னர் அடுத்த கீலம். அவ்வேலையைச் செய்தோரிற் பலர் வன்னிப் பெண்கள். தம் வீட்டுக்குச் சோறு வேண்டிப் பிறர் காணியிற் பற்றை வெட்டிய அவர்களுடைய உழைப்பு, எந்தத் துப்புரவுச் சட்டத்திலும் எழுதப்படாத உழைப்பாகும். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரிற் சேர்ந்தது.

இத்தகைய நிலத்திற்றான் 'சொந்தக்காரன் அல்லது குடியிருப்பாளன்' என்னும் பழைய சொற்றொடர் வந்து நிற்கிறது. ஒரு சொந்தக்காரன் கனடாவில் இருக்கிறான். இன்னொருவன் இறந்துவிட்டான், உறுதி எரிந்துபோயிற்று, பிள்ளைகள் நால்வர் நான்கு திசையில். மூன்றாமவள் அங்கேயே இருக்கிறாள். பற்றை வெட்டக் கூலி கொடுக்க அவளிடம் பணம் இல்லை. நான்காவது சொந்தக்காரன் அரசாங்கம். வடக்கின் சபைகள் பல, குறித்த நாளுக்குள் காணியைத் துப்புரவு செய்யாவிடில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என அறிவித்திருக்கின்றன. நால்வருக்கும் ஒரே அறிவித்தல். ஆனால் நால்வரும் ஒருவரல்லர்.

நான்காமவனுக்கு அந்த அறிவித்தல் பெரும்பாலும் செல்லுபடியாவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்படையாகவோ தவிர்க்கவியலாத உட்கருத்தாகவோ கூறப்பட்டாலன்றி எந்தச் சட்டமும் அரசின் உரிமைகளைப் பாதிக்காது என்று 1901 ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச்சட்டம் விதித்திருக்கிறது. எனவே பற்றை மண்டிய அரசகாணிக்கு அருகிலுள்ள ஏழையின் வளவைச் சட்டம் துருவிப் பார்க்கும். அரச எல்லைக் கல்லைக் கண்டதும் தயங்கி நிற்கும். நுளம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது.

வர முடியாமற் போனவன் கைவிட்டவனல்லன் என்ற நியாயத்தைச் சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கே காணி என்பது 1871 ஆம் ஆண்டின் விதி. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்து தம் காணிக்கு உரிமை கோர இயலாதிருந்தோருக்கு அந்தப் பத்தாண்டுக் கணக்கிலிருந்து விலக்களிக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கிடக் கொடுக்கப்பட்ட காலமோ இரண்டே ஆண்டு. மறுபுறத்தில், 2025 மார்ச் 28 ஆந் திகதிய வர்த்தமானி, வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரசுக்குரியதாகும் என அறிவித்தது. கிளிநொச்சியும் அவற்றுள் ஒன்று. மக்கள் எதிர்த்தனர், 2025 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1897 இன் குரல் 128 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே தொனியிற் கேட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

இவ்வளவும் கூறியதனால் பற்றையை வெட்டவேண்டாம் என்று வாதிப்பதாக எவரும் எண்ணலாகாது. அயற்காணிக்காரரின் முறைப்பாடு நியாயமானது. டெங்கு பொய்யன்று, 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் காரணமின்றி வந்ததன்று. பாடசாலைக்குப் போகும் பிள்ளை பாம்பை மிதிக்கக் கூடாது. தோட்டக்காரனின் மிளகாய்ப் பாத்தியைப் பார்த்தீனியம் விழுங்கக் கூடாது. கேள்வி, வெட்டுவதா வேண்டாமா என்பதன்று. எவர் செலவில், எவர் தீர்மானத்தில், எந்த உரிமைக்குப் பங்கமின்றி என்பதே.

தமிழ்நாட்டு அநுபவமும் இதற்கு உதவும். 1877 இல் விறகுக்கும் நிழலுக்குமென அரசாங்கமே கொண்டுவந்த சீமைக்கருவேலத்தைத் தனியார் நிலத்திலிருந்தும் அகற்ற வேண்டுமென 2017 இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கட்டளையிட்டது. ஆனால் இராமநாதபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் அந்த மரத்தைக் கரியாக்கி வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அதே ஆண்டில் அக்கட்டளைக்கு இடைக்காலத் தடை வந்தது. ஒருவனுக்குக் களையாக இருப்பது மற்றொருவனுக்குக் கஞ்சியாக இருக்கலாம் என்பதை விதி செய்வோர் முதலில் விசாரித்து அறிய வேண்டும்.

பளைக்கும் அதைப் போன்ற ஊர்களுக்கும் நாம் கேட்பவை சில. ஒன்று, அறிவித்தலுக்கு முன்னர் விசாரணை வேண்டும். சொந்தக்காரன் வர முடியாதவனா, வர விரும்பாதவனா, வழியற்றவனா எனப் பிரித்தறிதல் வேண்டும். இரண்டு, வழியற்றவரின் காணியைச் சபை கூலி கொடுத்துத் துப்புரவாக்கட்டும். அக்கூலி அதே ஊரின் வேலையற்றோருக்குச் செல்லட்டும். வசதியுள்ளோரிடம் செலவை அறவிடட்டும். மூன்று, அரசின் காணிக்கும் படையினர் வசமுள்ள காணிக்கும் அதே விதி பொருந்த வேண்டும். நான்கு, போரினால் இடம்பெயர்ந்தோரின் நிலத்தில் வளர்ந்த பற்றையை அவர்களுடைய உரிமைக்கு எதிரான சான்றாக எந்தத் திணைக்களமும் எடுத்துக்கொள்ளலாகாது. ஐந்து, இவ்விதிகளை மக்கள் தெரிவு செய்த சபை கூடித் தீர்மானிக்க வேண்டும். 2023 மார்ச் முதல் 2025 மே வரை தெரிவு செய்யப்பட்ட சபையின்றி அதிகாரிகள் மட்டுமே உள்ளூராட்சியை நடத்திய நிலை மீண்டும் வரலாகாது.

இவை புதுமையான கோரிக்கைகளல்ல. நீர் பெற்றவன் தன் பங்குக்கு வாய்க்காலை வெட்டினான் என்னும் பழைய வழமையில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தில் அடிமைகளுக்குப் பங்கிருக்கவில்லை. பங்கில்லாதவருக்கும் பங்கு கொடுத்து, கடமையைப் பயனோடும் வசதியோடும் இணைப்பதே இன்று நாம் செய்ய வேண்டியது. ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்ச் சபையின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கி ஒருமுறை வாசிப்பார்களாக. தம் ஊரிற் பற்றை மண்டிய காணி ஒன்றின்முன் நின்று, அதன் சொந்தக்காரர் யார், அவர் ஏன் வரவில்லை என அயலாரிடம் கேட்பார்களாக. அந்த விடையைக் கேட்டறிந்த பின்னரே கத்தியை எடுத்தல் முறை.